அடுப்படிக்கும் வேண்டும் சனிக்கிழமைக் கூலி

பட்டாசுப் பூமியின் தாய்மார்களுக்குச் சமையல் பயிற்சி ஒரு மாற்று வாழ்வைத் தருமா? ஆமத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சிறப்புப் பார்வை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். கரிசல் காடு, சீமைக்கருவேலம், ஊரை விட்டுத் தள்ளி இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அவை பட்டாசு ஆலைகள்; இந்தப் பக்கத்துப் பேச்சில் ‘பயர் ஆபீஸ்’. காலையில் ஆலை வண்டி வந்து நின்றால், தூக்குவாளியோடு ஏறுகிறவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். குழாய் சுற்றுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, பெட்டி போடுவது என்று கைக்கு வேலை இருக்கும். பெரும்பாலும் எண்ணிக்கைக்குக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் காசு கைக்கு வந்துவிடும். மளிகைக் கடைப் பற்றும் மகளிர் குழுத் தவணையும் பிள்ளையின் டியூஷன் பணமும் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

அந்த வேலையில் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. 2012 செப்டம்பர் 5 அன்று இந்த மாவட்டத்தின் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் போனார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையம், கிச்சநாயக்கன்பட்டி என்று ஒரே நாளில் இரண்டு இடங்களில் 14 பேர். 2024 மே 9 அன்று செங்கமலப்பட்டியில் 10 பேர். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் மறுபடியும் வெடித்தது. பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் விருதுநகரில் அறிவித்து, முதற்கட்டமாக ரூ.5 கோடி ஒதுக்க வேண்டியிருந்தது. தனியாக நிதி ஒதுக்கும் அளவுக்கு இங்கே இழப்பு வழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் மாற்றுத் தொழில் பற்றிய பேச்சு எழும். தையல் சொல்வார்கள், சமையல் சொல்வார்கள். சில வாரங்களில் பேச்சு அடங்கும். ஆலை வண்டி பழையபடி வந்து நிற்கும். பெண்களுக்குப் பயம் இல்லாததால் அல்ல. அடுத்த சனிக்கிழமைக்கு வேறு வழி இல்லாததால் ஏறுகிறார்கள். சமையல் பயிற்சி இந்த மண்ணில் வேர்விட வேண்டுமானால், அது போட்டியிட வேண்டியது இந்தச் சனிக்கிழமைக் கூலியோடுதான்.

பிள்ளைகள் வெளியேறினார்கள், தாய்மார்கள் தங்கினார்கள்

சிவகாசியின் கதை தீக்குச்சியில் தொடங்குகிறது. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். பிறகு பட்டாசு, அச்சு என்று தொழில் கிளைத்தது. மழையை நம்பிய கரிசல் விவசாயம் ஆண்டு முழுக்கச் சோறு போடாது. அதனால் ஆலைக்கு ஆள் பஞ்சம் வரவில்லை. பெரியவர்களோடு பிள்ளைகளும் போனார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்காக நடந்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் ரூ.20,000 முதலாளி கட்ட வேண்டும். அந்தக் குழந்தையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை பார்த்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அரசு தன் பங்காக ரூ.5,000 போட வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமென்றால் வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்க வேண்டும் என்ற எளிய உண்மையை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. இந்த மாவட்டத்தின் பல வீடுகளில் அந்த இன்னொருவர், தாய்.

2018 அக்டோபர் 23 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. காற்று மாசுக்காகப் போட்ட தடையின் சுமை கடைசியில் வந்து இறங்கிய இடம், சரம் பின்னிப் பிழைத்த வீடுகள். தொழிலே நாளைக்கு நிலைக்குமா என்ற சந்தேகம் அப்போது முதன்முறையாகப் பரவலாக எழுந்தது. மாற்றுத் தொழிலின் தேவை விபத்தைத் தாண்டியும் இருக்கிறது.

வீட்டில் பெண், கடையில் மாஸ்டர்

‘பெண்களுக்குச் சமைக்கத் தெரியாதா, அதற்கு ஒரு பயிற்சி வேறா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு விருதுநகர் பரோட்டாக் கடையே பதில். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிந்து வரும் பரோட்டாவுக்குப் பேர்போன ஊர் அது. கல்லுக்கு முன்னால் நிற்கிற மாஸ்டர் யார்? ஆண். கல்யாண வீட்டில் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்பவரும், சாத்தூர் காராசேவுக் கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரும் பெரும்பாலும் ஆண்களே. அதே இடங்களில் பெண்கள் காய் நறுக்குகிறார்கள், வெங்காயம் உரிக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். வாழ்நாளெல்லாம் கூலியில்லாமல் சமைத்தவளுக்கு, சமையல் கூலி வேலையானதும் கிடைப்பது உதவியாள் இடம், சம்பளமும் அதற்கேற்றபடிதான்.

இந்த இடைவெளியில்தான் பயிற்சிக்கு வேலை இருக்கிறது. நாலு பேருக்குச் சமைப்பதும் நூறு பேருக்குச் சமைப்பதும் வேறு வேறு தொழில். வீட்டு உப்புமாவுக்கு ஊற்றும் தண்ணீர்க் கணக்கை அப்படியே பெருக்கி அண்டாவில் ஊற்றினால் குழைந்துவிடும். பெரிய பாத்திரத்தில் ஆவியாகிப் போகும் நீர் அந்த விகிதத்தில் இருக்காது. உப்பும் காரமும் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. முதல் பந்திக்கு இருந்த ருசி கடைசிப் பந்திக்கும் இருக்க வேண்டும்.

அடுத்தது சுத்தம். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். விருதுநகர் வெயிலில் மதியம் வடித்த சோறு சாயங்காலம் வரை மூடிக் கிடப்பது எவ்வளவு ஆபத்து என்று எந்தப் பாட்டியும் சொல்வாள். அதை விதியாக்கி, அளந்து, எழுதி வைப்பதுதான் தொழில். எண்ணெயும் அப்படியே. பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. காராசேவும் பரோட்டாவும் பெயர் வாங்கித் தந்த மாவட்டத்தில் இந்தப் பாடத்துக்குத் தனி இடம் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விலைக் கணக்கு. மாவு, எண்ணெய், பருப்புக்கு ஆன செலவை மட்டும் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து விற்பதுதான் புதிதாகத் தொடங்குகிற பலரும் செய்வது. கேஸ், கரண்ட், பாத்திரத் தேய்மானம், மிஞ்சி வீணாவது, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் ஆனது எதுவும் அதில் வராது. முக்கியமாகத் தன் கூலி வராது. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து 11 மணி வரை நின்ற உழைப்புக்கு விலை போடாமல், கல்லாவில் மிஞ்சியதை லாபம் என்பாள். பத்து நாள் பயிற்சியில் ஐந்து நாளை அடுப்புக்குக் கொடுத்தால், மீதி ஐந்து நாளை நோட்டுக்கும் பேனாவுக்கும் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் மிகப் பெரிய சமையலறை

சமையலை நம்பித் தாய்மார்கள் பிழைக்க முடியுமா என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று தேட வேண்டியதில்லை. விருதுநகர் பெற்ற காமராசர் 1950களில் பள்ளியில் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பிள்ளைகளின் பசி தீர்ந்த அதே வேளையில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று கிராமம்தோறும் பெண்களுக்கு ஒரு வேலை பிறந்தது. கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை என்பதால், ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத பெண்ணுக்கு அரசுச் சம்பளம் வந்தது.

ஆனால் அந்தச் சம்பளம் எவ்வளவு? 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப 2024 டிசம்பரில் அரசாணை வந்தபோது, முதல் ஓராண்டுக்குத் தொகுப்பூதியம் மாதம் ரூ.3,000. அதற்குப் பிறகுதான் சிறப்புக் காலமுறை ஊதியம். பட்டாசு ஆலையின் வாரக் கூலியோடு இதை வைத்துப் பார்த்தால், தாய்மார்கள் ஏன் ஆலை வண்டியை விடுவதில்லை என்பது புரியும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. 1,545 பள்ளிகளில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. இன்று சுமார் 20 லட்சம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். ஊர்ப்புறங்களில் சமைப்பவர்கள் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் தன் பிள்ளை படிக்கும் தாயாக இருக்க வேண்டும் என்பது தேர்வின் முக்கிய நிபந்தனை.

ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. நூறு பிள்ளைகள் என்றால் 5 கிலோ ரவை, ஒன்றரைக் கிலோ பருப்பு. விடியுமுன் அடுப்பு மூட்டி, பள்ளி மணி அடிப்பதற்கு முன் பரிமாறி முடித்து, விவரத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டும். அளவு, நேரம், சுத்தம், பதிவு நான்கும் ஒழுங்காக நடக்கும் இந்தச் சமையல்கூடம், எந்தக் கேட்டரிங் பள்ளிக்கும் குறையாத செய்முறைப் பாடம். அந்தப் பெண்ணுக்கு அதற்கான சான்றிதழ் கிடைத்தால், பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறிய பிறகும் அவள் கையில் ஒரு தொழில் மிஞ்சும். காலை உணவுக் கூடத்தில் வேலை பார்த்த ஆண்டுகளை முறையான தொழிற்பயிற்சியாக அரசு அங்கீகரிப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

பயிற்சி இருக்கிறது, நேரம் இல்லை

மாவட்டத்துக்கு ஒரு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் நாடு முழுக்க இயங்குகிறது. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் வங்கிகளும் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய ஒரு முயற்சியே இதற்கு முன்மாதிரி. 18 வயது நிறைந்த கிராமத்து ஏழைகளுக்குக் கட்டணம் இல்லை, சாப்பாடு உண்டு, அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி தயாரிப்பு போன்ற பயிற்சிகள் பத்து நாள் அளவில் நடக்கும். முடித்த பிறகு வங்கிக் கடனுக்கு வழிகாட்டி, இரண்டு ஆண்டு பின்தொடர்வதும் அவர்களின் பொறுப்பு. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கின; அவற்றை வழிநடத்தும் மகளிர் திட்டம் இன்று எல்லா ஒன்றியங்களிலும் வேரோடியிருக்கிறது. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஆமத்தூரிலிருந்து விருதுநகர் போய் வரக் காசு தடையில்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. பத்து நாள் பயிற்சி என்றால் ஒன்றரை வாரக் கூலி போச்சு. ஆலையில் முன்பணம் வாங்கியிருந்தால் லீவு கேட்க வாய் வராது. காலை 10 முதல் மாலை 5 வரை வகுப்பு என்றால், பள்ளி விட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பது? இன்னொரு சிக்கல், பயிற்சியின் ஒரே அச்சு. முப்பது பெண்களுக்கும் இட்லிப் பொடி கற்றுக் கொடுத்து, முப்பது பேரும் ஒரே ஊரில் ஒரே பொடியை விற்க உட்கார்ந்தால் யார் வாங்குவார்கள்?

முன்னே நடந்தவர்கள்

இதே முட்டுச்சந்தில் நின்று வழி கண்டவர்கள் உண்டு. மும்பை கிர்காமில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் இன்று நாடறிந்த பெயர். அதன் வெற்றிக்கு அடிப்படை மிக எளிது. பிசைந்த மாவைக் கிளையில் வாங்கிப் போகிறாள்; வீட்டில் உருட்டுகிறாள்; அப்பளத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது உருட்டிய அளவுக்குக் கூலி வாங்கிக்கொள்கிறாள். சரக்கு விற்றதா, எந்த ஊருக்குப் போனது என்ற கவலை அவளுக்கு இல்லை. விற்பனையின் ஆபத்தைச் சங்கம் சுமக்கிறது. உருட்டுபவளுக்குக் கூலி நிச்சயம்.

சென்னை மெரினாவில் 1982இல் ஒரு தள்ளுவண்டி வைத்துத் தொடங்கிய பாட்ரிசியா நாராயண், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி என்று அவரே சொல்லியிருக்கிறார். குடிசை மாற்று வாரிய அலுவலகக் கேன்டீன் உள்ளிட்ட நிறுவன ஒப்பந்தங்கள் அவரைத் தள்ளுவண்டியிலிருந்து உணவகத் தொழிலுக்கு ஏற்றிவிட்டன. 2010இல் ஃபிக்கி அமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது அவருக்கு வந்தது. கைத்திறனோடு, தினமும் நிச்சயமாகச் சாப்பிட வருகிற கூட்டமும் அவருக்குக் கிடைத்தது.

ஈழத்தில் போருக்குப் பின் வட மாகாணத்தில் உருவான ‘அம்மாச்சி’ உணவகங்களும் பார்க்கத் தக்கவை. யாழ்ப்பாணம் திருநெல்வேலி, கிளிநொச்சி, வவுனியா என்று பல இடங்களில் மாகாண விவசாயத் திணைக்களம் கட்டடத்தையும் இடத்தையும் கொடுத்தது. கணவரை இழந்தவர்கள் உட்பட உள்ளூர்ப் பெண்கள் வாடிக்கையாளரின் கண்முன்னே தோசையும் பிட்டும் வடையும் சுடுகிறார்கள். விலை குறைவு, சுத்தம் கண்ணுக்குத் தெரியும், கூட்டத்துக்குக் குறைவில்லை. நம் அம்மா உணவகம் 2013 பிப்ரவரியில் சென்னையில் வந்தபோதும், சமைக்கும் குழுப் பெண்களுக்கு விற்பனையைப் பொறுத்து அல்லாமல் நாள் கூலியாகவே கொடுக்கப்பட்டது.

நான்கு கதைகளிலும் பொதுவான ஒன்று உண்டு. சமைக்கிறவளின் வருமானத்தை ஒரு சங்கமோ அரசோ ஒப்பந்தமோ தாங்கிப் பிடித்திருக்கிறது. நம் பயிற்சித் திட்டங்கள் இங்கேதான் கையை விடுகின்றன. சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து, ‘இனி உன் சமர்த்து’ என்று அனுப்பிவிடுகின்றன.

ஆமத்தூருக்கு ஏற்ற அடுப்பு

இந்த வட்டாரத்துக்கு இயற்கையாகவே சில சாதகங்கள் உண்டு. பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி, எண்ணெய் வியாபாரத்துக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர்பெற்ற விருதுநகர் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. தெருக்கடையில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கும் பெண்கள், பத்துப் பேர் சேர்ந்து மூட்டையாக மொத்த விலைக்கு வாங்கினாலே செலவு கணிசமாகக் குறையும். சாத்தூர் காராசேவுக்கும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் உள்ள பெயர், இந்த மாவட்டத்துப் பலகாரத்துக்கு வெளியூரில் மதிப்பைக் கூட்டியிருக்கிறது. கரிசல் மண்ணின் கம்பும் கேப்பையும் சோளமும் இப்போது நகரத்தில் தேடி வாங்கும் பண்டங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வெளியூர்க் கார்கள் பட்டாசு வாங்க இந்தச் சாலையில் வரிசைகட்டும். பட்டாசோடு முறுக்கும் அதிரசமும் வாங்காத தீபாவளி உண்டா? தீபாவளி முடிந்து ஆலையில் வேலை குறையும் மாதங்கள் தை முகூர்த்தக் கல்யாணங்களை ஒட்டி வருகின்றன. அப்போது ஆள் தேவைப்படுவது சமையலுக்குத்தான்.

ஒரு எச்சரிக்கையும் சேர்ந்தே சொல்ல வேண்டும். வீட்டில் வைத்துத் திரி திரிப்பதும் வெடி சுற்றுவதும் சட்டவிரோதம், ஆனாலும் நடக்கிறது. அந்த வீட்டில் வியாபாரத்துக்கு அடுப்பும் மூட்டினால் விளைவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. இந்த வட்டாரத்தில் சமையல் தொழில் வீட்டுக்குள் நடக்கக் கூடாது. ஊராட்சிக்கு ஒரு பொதுச் சமையல்கூடம் வேண்டும். ஊருக்கு நடுவே, தண்ணீர் வசதியோடு, குழுப் பெண்கள் முறைவைத்துப் பயன்படுத்துவதாக அது இருக்கட்டும். பயிற்சியும் அங்கேயே நடக்கட்டும். பள்ளி நேரத்துக்குள், காலை 9.30 முதல் 1.30 வரை.

தொடங்குகிறவர்கள் அறிய வேண்டியவை

சிறு உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு போதும். பொட்டலத்தில் பதிவு எண், எடை, தயாரித்த தேதி, சைவ அசைவக் குறி அவசியம். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிக்கக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டரின் விலையை முதல் நாளிலிருந்தே கணக்கில் சேர்க்க வேண்டும். ‘உத்யம்’ பதிவு இலவசம். அதற்கென்று யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில், கடனோடு இணைந்த மானியம் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம், உணவுத் தொழிலில் இருக்கும் குழு உறுப்பினருக்குத் தலா ரூ.40,000 வரை தொடக்க மூலதனம் என்று வகுத்தார்கள். இவற்றுக்கெல்லாம் முதலில் போய்க் கேட்க வேண்டிய இடங்கள் ஒன்றியத்தின் மகளிர் திட்ட அலுவலகமும் மாவட்டத் தொழில் மையமும்.

செய்ய வேண்டியது மூன்று

முதலாவது, பயிற்சி நாள்களுக்கு வாரக் கூலி. ஆலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ, அதை ஒட்டிய தொகை சனிக்கிழமைதோறும் கையில் வர வேண்டும். கூலி இல்லாத பயிற்சிக்கு, கூலி தேவைப்படாத பெண்கள்தான் வருவார்கள்.

இரண்டாவது, பயிற்சி முடியுமுன்னே ஆர்டர். அரசு விடுதிகள், அலுவலகக் கூட்டங்கள், கல்லூரிக் கேன்டீன்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் சாப்பாட்டுச் செலவில் ஒரு பங்கைக் குழுப் பெண்களின் கூடங்களுக்கு முதல் ஓராண்டு ஒதுக்கலாம். நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்யும் பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் தங்கள் கேன்டீனைக் கொடுக்கலாம். தொழிலாளியின் உழைப்பில் வளர்ந்த தொழில் இதற்குக் கடமைப்பட்டது.

மூன்றாவது, மாஸ்டர் இடம். மாவட்டத்து ஓட்டல்காரர்களும் கேட்டரிங்காரர்களும் பயிற்சி பெற்ற பெண்ணைப் பாத்திரம் கழுவும் இடத்தில் நிறுத்தாமல், அடுப்புக்கு முன்னால் நிறுத்தி, மாஸ்டருக்குத் தரும் சம்பளத்தைத் தர வேண்டும்.

இந்த மூன்றுக்கும் புதுத் துறையோ புதுச் சட்டமோ தேவையில்லை. பயிற்சி நிறுவனம் இருக்கிறது, குழுக்கள் இருக்கின்றன, சரக்கு இருக்கிறது, சாப்பிட ஆள் இருக்கிறது. ஆமத்தூர் வட்டாரத்தில் ஒரே ஓர் ஊராட்சியில், ஓராண்டுக்கு இதைச் செய்து காட்ட விருதுநகர் மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். எத்தனை தாய்மார்கள் ஆலை வண்டி ஏறுவதை நிறுத்தினார்கள் என்பதை மட்டும் கணக்கெடுங்கள். அந்தக் கணக்கு, பயிற்சி வெற்றியா தோல்வியா என்பதைச் சொல்லிவிடும்.